ஆரஞ்சு: ஒரு சொல், இரண்டு பழங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொற்களின் வரலாறு பற்றிப் பேசும் இடங்களில் தவறாமல் எழும் சொல் ஆரஞ்சு. ஒருவர் அதை ஆங்கிலம் என்பார், இன்னொருவர் சுத்தத் தமிழ் என்பார், மூன்றாமவர் யானைக் கதை ஒன்றைச் சொல்வார். எல்லோரும் ஏறக்குறைய இதே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள் என்பதால், கேட்டவர்களின் வாக்கிலேயே கேள்விகளை வைத்து விடைகளைத் தொகுத்திருக்கிறேன். வேற்றுமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழ அவற்றின் ஒலிப்புப்படி எழுதியுள்ளேன்.

ஆரஞ்சு ஆங்கிலச் சொல்தானே?

நாம் இன்று எழுதும் 'ஆரஞ்சு' ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஆங்கிலத்துக்கு அது சொந்தச் சொல் இல்லை. ஆங்கிலேயர் பிரெஞ்சிலிருந்து பெற்றார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது இத்தாலி, ஸ்பெயின் பக்கமிருந்து போனது. அங்கே அரபுமொழி வழியாகவும், அரபுக்குப் பாரசீகம் வழியாகவும், பாரசீகத்துக்கு இந்தியாவிலிருந்தும் சென்றது. சமஸ்கிருதத்தில் அதன் வடிவம் 'நாரங்க'. இங்கிருந்து புறப்பட்ட சொல் பல மொழிகளில் தங்கி உருமாறி, ஆங்கிலேயர் காலத்தில் 'ஆரஞ்சு' என்று நம்மிடமே திரும்பியிருக்கிறது.

எந்த மொழியில் எப்படிச் சொல்கிறார்கள்?

பாரசீகத்தில் நாரங், நாரெஞ்ச். அரபியில் நாரஞ்ச். ஸ்பானியத்தில் நரான்ஹா, போர்ச்சுகீசியத்தில் லரான்ஜா, இத்தாலியத்தில் அரான்ச்சா, பிரெஞ்சில் ஓரான்ஜ், ஹங்கேரியத்தில் நராஞ்ச், குரோவேசியத்தில் நராஞ்ச்சா. பாஸ்க் மொழி ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவில்லாதது, ஆனாலும் அங்கே லரான்ஜா. ஒலிகள் சற்றுச் சற்று மாறினாலும் எல்லாம் ஒரே சொல்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்பெயினின் கிழக்கே பேசப்படும் கேட்டலன் மொழியில் ஆரஞ்சுக்குத் 'தரோஞ்ஜா' என்று பெயர். ஒலி நெருக்கமாக இருப்பதால் பலரும் இதையும் அதே குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது கடாரங்காய் போன்ற பெரிய எலுமிச்சை இனத்துக்கு அரபியில் வழங்கிய வேறொரு சொல்லிலிருந்து வந்தது. துருக்கியில் கசப்பு ஆரஞ்சைக் குறிக்கும் 'துருஞ்ச்' அதற்கு உறவு.

எப்போது, யார் கொண்டுபோனார்கள்?

பத்தாம் நூற்றாண்டில் எழுதிய அரபு வரலாற்றாளர் அல்-மசூதி, நாரஞ்ச் மரம் ஹிஜ்ரி 300க்குப் பிறகு, அதாவது கி.பி. 912 அளவுக்குப் பின், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் ஓமானில் நடப்பட்டது என்றும், பிறகு பஸ்ரா, சிரியா என்று பரவியது என்றும் குறிப்பிடுகிறார். அரபு ஆட்சி இருந்த சிசிலித் தீவுக்கும் தெற்கு ஸ்பெயினுக்கும் மரம் போனது, மரத்தோடு பெயரும் போனது. செவில் நகரத் தெருக்களில் இன்றும் வரிசையாக நிற்பவை அந்தப் பழைய கசப்பு இனத்து மரங்களே. ஆங்கிலத்தில் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைகாட்டுகிறது.

'கசப்பு' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது போனது நாம் உரித்துத் தின்னும் இனிப்புப் பழம் இல்லை. இந்தக் கதையின் பாதி முடிச்சுகளை அவிழ்ப்பது அந்த ஒரு செய்திதான்.

நிறத்தின் பெயர் முதலில் வந்ததா, பழத்தின் பெயரா?

பழம்தான் முதலில். ஆங்கிலத்தில் பழத்துக்குப் பெயராக வந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகே, 1500களின் தொடக்கத்தில், துணிமணிகளின் நிறத்தைச் சொல்ல அது பயன்பட்டது. மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் இதே வரிசைதான்.

அப்படியானால் அதற்கு முன்பு அந்த நிறத்தை என்னவென்று சொன்னார்கள்?

பழைய ஆங்கிலத்தில் 'மஞ்சள் சிவப்பு' என்ற பொருளில் ஒரு கூட்டுச்சொல் இருந்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் 1390களில் ஒரு நரியை வருணிக்கும்போது, அதன் நிறம் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்டது என்று சுற்றி வளைத்துத்தான் சொல்கிறார். பெரும்பாலும் 'சிவப்பு' என்றே சொல்லிவிடுவார்கள். ஐரோப்பாவின் ராபின் குருவியை ஆங்கிலத்தில் 'செந்நெஞ்சு' என்றே அழைக்கிறார்கள், ஆனால் அதன் நெஞ்சு ஆரஞ்சு நிறம். ஆரஞ்சு நிற முடி உள்ளவரைச் 'செந்தலை' என்பதும் அந்தக் காலத்தின் எச்சமே.

இதை வைத்து 'பெயர் இல்லாததால் அந்த நிறம் அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை' என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு. சாசரின் நரியே சாட்சி: அவருக்கு நிறம் நன்றாகத் தெரிந்தது, ஒற்றைச் சொல்தான் இல்லை.

'நாரங்க' என்பதில் இருந்த 'ந' எங்கே போனது?

ஒருமையைக் குறிக்க முன்னால் வரும் சிறுசொல் அதை விழுங்கிவிட்டது. இத்தாலியத்தில் 'ஊனா', பிரெஞ்சில் 'உன்' என்று 'ஒரு' என்பதற்கான சொல் 'ந' ஒலியோடு நிற்கும். அடுத்த சொல்லும் 'ந'வில் தொடங்கினால் இரண்டு ஒலிகள் ஒன்றாகக் கலந்துவிடும். கேட்பவர் அந்த 'ந' முன் சொல்லைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்வார். நாளடைவில் 'நரான்ச்சா' 'அரான்ச்சா' ஆனது. இத்தாலியின் வெனிஸ் வட்டார வழக்கில் மட்டும் பழைய 'ந' ஒட்டிக்கொண்டு 'நரான்சா' என்றே நின்றது. போர்ச்சுகீசியத்தில் 'ந' மறையாமல் 'ல' ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில்தான் 'அ நாரஞ்ச்' 'ஆன் ஆரஞ்ச்' ஆனது என்று படித்தேனே?

பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த மாற்றம் ஆங்கிலத்தில் நடக்கவே முடியாத ஒன்று இல்லை. ஏப்ரன் என்னும் மேலாடையும் ஆடர் என்னும் பாம்பும் ஒரு காலத்தில் நேப்ரன், நாடர் என்றே இருந்தவை. ஆனால் ஆரஞ்சைப் பொறுத்தவரை, முன் விடையில் சொன்னபடி 'ந' பிரெஞ்சு, இத்தாலிய எல்லைக்குள்ளேயே உதிர்ந்துவிட்டது. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டும்போதே அது உயிரெழுத்தில் தொடங்கும் சொல்.

இத்தாலியில் 'அ', பிரெஞ்சில் 'ஓ'. இந்த வேறுபாடு எதனால்?

தங்கத்தால். பிரெஞ்சில் தங்கத்துக்கு 'ஓர்' என்று பெயர். பொன்னிறப் பழத்தின் பெயரில் பொன்னைக் கேட்டவர்கள் 'அ'வை 'ஓ' ஆக்கினார்கள் என்பதே பொதுவான விளக்கம். படித்தவர்களும் இதற்குத் தப்பவில்லை. லத்தீனில் எழுதியவர்கள் தங்கத்தின் பெயரான 'ஔரும்' என்பதை உள்ளே வைத்து 'ஔரான்டியம்' என்று ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இருசொற் பெயர் சூட்டியபோது 'சிட்ரஸ் ஔரான்டியம்' என்று எழுதி அதை அறிவியலில் நிலைக்கச் செய்துவிட்டார். நாரங்கத்துக்கும் தங்கத்துக்கும் பிறப்பால் எந்த உறவும் இல்லை.

நெதர்லாந்திலும் ரஷ்யாவிலும் பெயர் முற்றிலும் வேறாக இருக்கிறதே, ஏன்?

இங்கேதான் இரண்டாவது பழம் வருகிறது. 'நாரங்க' என்ற பெயரோடு நிலவழியே போனது கசப்பு ஆரஞ்சு. இனிப்பு ஆரஞ்சு ஐரோப்பாவில் பரவலானது 15, 16ஆம் நூற்றாண்டுகளில், அதிலும் பெரிதும் போர்ச்சுகீசியரின் கடல் வாணிகத்தால். தெற்கிலும் மேற்கிலும் இருந்தவர்கள் புதிய பழத்துக்கும் பழைய பெயரையே சூட்டினார்கள். வடக்கில் இருந்தவர்களுக்கு அது சீனாவிலிருந்து வந்த ஆப்பிள். அப்படியே பெயர் வைத்தார்கள்: டச்சில் சினாஸ்அப்பல், வட ஜெர்மனியில் அப்ஃபெல்சீனெ, சுவீடனில் அபெல்சீன், ரஷ்யாவில் அபெல்சின், பின்லாந்தில் அப்பெல்சீனி. எல்லாவற்றுக்கும் பொருள் 'சீன ஆப்பிள்'.

டச்சு, வட ஜெர்மன் துறைமுகங்களிலிருந்து பால்டிக் கடல் ஓரமாகச் சரக்கு எவ்வழியில் போனதோ அவ்வழியிலேயே இந்தப் பெயரும் போயிருக்கிறது. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இனிப்பு வகையைச் 'சீன ஆரஞ்சு' என்றார்கள். அட்லாண்டிக்குக்கு அப்பால் புவேர்ட்டோ ரிக்கோவில் இன்றைக்கும் ஆரஞ்சுக்குச் 'சீனா' என்றே பெயர்.

கிரேக்கத்திலும் துருக்கியிலும் 'போர்ட்டகால்' என்கிறார்கள். அது போர்ச்சுகலா?

போர்ச்சுகலேதான். கிரேக்கத்தில் போர்ட்டொகாலி, துருக்கியத்தில் போர்ட்டகால், ருமேனியத்தில் போர்ட்டொகாலா, பல்கேரியத்தில் போர்ட்டொகால், அரபியில் புர்துகால், பாரசீகத்தில் போர்தகால். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரைகளுக்கு இனிப்புப் பழத்தை அறிமுகப்படுத்திய நாட்டின் பெயரே பழத்தின் பெயராக நின்றுவிட்டது.

இந்த மொழிகள் முன் சொன்ன வேறுபாட்டை இன்றும் விடாமல் காப்பாற்றுகின்றன. கிரேக்கத்தில் இனிப்பு போர்ட்டொகாலி, கசப்பு நெராந்த்சி. அரபியில் இனிப்பு புர்துகால், கசப்பு நாரஞ்ச். பழைய பழத்துக்குப் பழைய பெயர், புதிய பழத்துக்குப் புதிய பெயர் என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படித்தான்: ஊறுகாய்க்குரியது நாரத்தை, உரித்துத் தின்பது ஆரஞ்சு. இந்த மொழிகளில் சொல்லின் பழைய வேர் ஒட்டியிருப்பது கசப்புப் பழத்தோடுதான் என்பதைக் கவனித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமில்லை.

போர்ச்சுகீசியர் தங்கள் நாட்டின் பெயரால் பழத்தை அழைப்பதில்லை. அவர்களுக்கு அது லரான்ஜா.

போலந்தில் 'பொமராஞ்சா' என்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வரும்?

நாரங்கக் கணக்கில். இத்தாலியத்தில் 'போமோ' என்றால் ஆப்பிள், பொதுவாகப் பழம். அதோடு 'அரான்ச்சா' சேர்ந்து 'ஆரஞ்சுப் பழம்' என்று ஒரு கூட்டுச்சொல் உண்டானது. அது ஜெர்மனில் பொமெரான்ட்செ, போலியத்தில் பொமராஞ்சா, செக்கில் பொமெராஞ்ச், செர்பியத்தில் பொமொராந்ஜா என்று கிழக்கே பரவியது. ஜெர்மனில் இந்தச் சொல் கசப்பு வகைக்கு மட்டும். போலியத்திலும் செக்கிலும் எல்லா ஆரஞ்சும் இதுதான்.

பழத்துக்கு ஒரு பெயர், நிறத்துக்கு வேறொரு பெயர் என்று இருக்க முடியுமா?

முடியும். டச்சுக்காரருக்குப் பழம் சினாஸ்அப்பல், நிறம் ஓரான்யெ. ரஷ்யருக்குப் பழம் அபெல்சின், நிறம் பிரெஞ்சிலிருந்து எடுத்த 'ஒரான்ஷெவி'. உக்ரைனியத்தில் பழம் அபெல்சின், நிறமோ பொமராஞ்ச்செவி. 2004இல் கீவ் நகரில் நடந்த 'ஆரஞ்சுப் புரட்சி'யின் பெயரில் அவர்கள் மொழியில் இருப்பது இந்த இரண்டாவது சொல்தான். கடையில் வாங்கும்போது சீனாவையும் வண்ணத்தைச் சொல்லும்போது நாரங்கத்தையும் உச்சரிக்கிறார்கள்.

நெதர்லாந்து அரச குடும்பத்துக்கு ஆரஞ்சு என்று பெயர் வந்தது பழத்தாலா?

இல்லை. இது தற்செயல் ஒலி ஒற்றுமை, ஆனால் வரலாற்றையே வண்ணமடித்துவிட்ட ஒற்றுமை. தெற்கு பிரான்சில், ரோன் நதிப் பக்கம், ஓரான்ஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அரௌசியோ. அது அவ்வட்டாரத்துக் கெல்டிக் நீர்த் தெய்வம் ஒன்றின் பெயர். கி.மு. 105இல் ரோமானியப் படை படுதோல்வி கண்ட களம் அது. பழம் ஐரோப்பாவை எட்டுவதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே ஊரும் பெயரும் இருந்தன. காலப்போக்கில் ஊர்ப் பெயர் தேய்ந்து, பழத்தின் பெயரோடு ஒலியில் ஒன்றாகிவிட்டது.

1544இல் அந்தச் சிற்றரசு, வாரிசுரிமையால் நஸ்ஸாவ் குடும்பத்துச் சிறுவன் வில்லியமுக்குக் கிடைத்தது. பின்னாளில் ஸ்பெயினுக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சியை நடத்தியவர் அவரே. குடும்பத்தின் பட்டப்பெயர் ஆரஞ்சு என்பதால் கொடியிலும் அந்த நிறம் ஏறியது. அவர் வழிவந்த மூன்றாம் வில்லியம் 1689இல் இங்கிலாந்தின் அரசரானார், 1690இல் அயர்லாந்தில் பாய்ன் நதிக்கரைப் போரில் வென்றார். அயர்லாந்துப் புராட்டஸ்டன்டுகள் 1795இல் தொடங்கிய அமைப்பு அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அயர்லாந்து தேசியக் கொடியில் ஆரஞ்சுப் பட்டை இருப்பதும், தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு நதி ஓடுவதும், டச்சுக் கால்பந்து வீரர்கள் ஆரஞ்சுச் சட்டை அணிவதும் இந்தக் குடும்பத்தால்தான். ஊர் மட்டும் 1713இன் உட்ரெக்ட் உடன்படிக்கையில் பிரான்சுக்குப் போய்விட்டது.

கேரட்டை ஆரஞ்சு நிறமாக்கியது அந்த அரசருக்காகத்தான் என்கிறார்களே?

டச்சு உழவர்கள் ஆரஞ்சுக் கேரட்டைத் தேர்ந்தெடுத்து வளர்த்துப் பரப்பியது உண்மை. அரச குடும்பத்துக்கு மரியாதை செய்யவே அப்படிச் செய்தார்கள் என்பதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. அது பின்னால் ஒட்டப்பட்ட கதை.

மாண்டரின் ஆரஞ்சு சீனச் சொல்லா?

பழம் சீனத்துடையது, சொல் நம் மந்திரி. சமஸ்கிருதத்து 'மந்த்ரின்' மலாய் மொழியில் 'மெந்தெரி' ஆயிற்று. மலாக்காவில் அதைக் கேட்ட போர்ச்சுகீசியர் 'மந்தரிம்' என்று சீன அதிகாரிகளைக் குறிக்கப் பயன்படுத்தினார்கள். அதிகாரிகளின் பெயர் பின்பு பழத்துக்கும் போனது. டாஞ்சரின் என்னும் வகையின் பெயர், மொராக்கோவின் டாஞ்சியர் துறைமுகத்திலிருந்து வந்தது.

சொல்லின் வேர் தமிழ் என்று உறுதியாகச் சொல்லலாமா?

திராவிட வேர் என்பது வலுவான கருத்து, பல அகராதிகளும் அப்படியே குறிக்கின்றன. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ங, தெலுங்கில் நாரிஞ்ஜ என்று தென்னிந்திய மொழிகளில் சொல் ஆழமாகக் கிளைத்திருப்பது ஒரு காரணம். சொல்லின் அமைப்பு இன்னொரு காரணம். தேங்காய் மலையாளத்தில் தேங்ங, மாங்காய் மாங்ங. அதே தடத்தில் 'நாரம்' என்பதோடு 'காய்' சேர்ந்தால் நாரங்காய், நாரங்ங. சமஸ்கிருதத்து 'நாரங்க'வின் கடைசி அசையில் ஒளிந்திருப்பது நம் 'காய்'தான் என்று திராவிட வேர் என்பவர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் இந்த வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் சமஸ்கிருத வடிவம், தனி மொழியாக மலையாளம் உருவாவதற்கு முந்தையது. ஆகவே 'மலையாளத்திலிருந்து வடக்கே போனது' என்று எழுதுவது பிழை. தென்னாட்டின் பழைய வடிவம் ஒன்றிலிருந்து போயிருக்கலாம் என்பதே சரியான வாக்கியம்.

நல்ல மணத்தைக் குறிக்கும் 'நறு', 'நாறு' என்பவற்றோடு வேரை இணைப்பவர்களும் உண்டு. பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் 'இருக்கலாம்' என்ற இடத்தில் 'இருக்கிறது' என்று எழுதத் தொடங்கினால் அடுத்தவர் நம்முடைய உறுதியான செய்திகளையும் சந்தேகிப்பார். மரத்தின் தாயகம் தமிழகம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எலுமிச்சை இனங்கள் தோன்றியது அசாம், வட மியான்மர், தென்மேற்குச் சீனம் சூழ்ந்த இமயமலை அடிவாரத்தில். ஆரஞ்சு, பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து உண்டான இனம்.

ஆரஞ்சைத் தின்று யானை செத்ததால் 'நாக ரங்க' என்று பெயர் வந்ததாமே?

சமஸ்கிருதத்தில் 'நாகரங்க' என்றும் ஒரு வடிவம் உண்டு, 'நாக' என்றால் யானை என்றும் பொருள் உண்டு. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, அளவுக்கு மீறித் தின்ற யானை வயிறு வெடித்துச் செத்தது என்று பிற்காலத்தார் சொல்லிய கதை அது. சொல் அறிமுகமற்றுத் தோன்றும்போது அதைத் தெரிந்த துண்டுகளாக உடைத்துக் கதை கட்டுவது எல்லா மொழியினருக்கும் பழக்கம். பிரெஞ்சுக்காரர் தங்கத்தைக் கேட்டதும் இதே வகை.

ஒராங்குட்டானுக்கும் இதே சொல்தானா? அதன் முடியும் ஆரஞ்சு நிறமாயிற்றே!

தொடர்பே இல்லை. மலாயில் 'ஓராங்' மனிதன், 'ஹூத்தான்' காடு. காட்டு மனிதன் என்பது பொருள். நிறம் தற்செயல். ஆரஞ்சுப் பூவிலிருந்து எடுக்கும் நெரோலி எண்ணெயும் அப்படியே: 'நாரங்கி' போல ஒலித்தாலும், அந்த வாசனையைப் புகழ்பெறச் செய்த இத்தாலியின் நெரோலா ஊர்ச் சீமாட்டியால் வந்த பெயர் அது.

நமக்கென்று தனித் தமிழ்ப் பெயர் இல்லையா? சாத்துக்குடி எதில் சேரும்?

கிச்சிலிப்பழம் என்று முன்பு பரவலாக வழங்கினார்கள், கன்னடத்தின் 'கித்தளெ' அதன் உறவு. இலங்கைத் தமிழர் தோடம்பழம் என்கிறார்கள், சிங்களத்தில் 'தொடம்'. சிங்களத்தில் 'நாரன்' என்ற சொல்லும் உண்டு, அது மாண்டரின் வகைக்கு. சாத்துக்குடியை ஆங்கிலத்தில் எலுமிச்சைக் கூட்டத்தில் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது, ஆனால் தாவரவியல்படி அது இனிப்பு ஆரஞ்சே.

சங்க இலக்கியத்தில் 'நரந்தம்' வருகிறது. அது ஆரஞ்சு என்று காட்டினால் எல்லாம் முடிந்துவிடாதா?

முடியாது, ஏனென்றால் நரந்தம் ஒரே பொருளில் வரவில்லை. குறிஞ்சிப்பாட்டின் பூக்களின் பட்டியலில் 'நரந்தம் நாகம் நள்ளிருள்நாறி' என்று வருவது பூ. அதை நாரத்தம்பூ என்று கொள்வது பொருந்தும். புறநானூறு 132இல் 'நரந்தை நறும்புல்' மேய்ந்த கவரிமான் வருகிறது, அங்கே அது வாசனைப் புல். அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூறு 235இல், புலால் நாறும் தன் தலையை 'நரந்தம் நாறும்' கையால் அவன் தடவிக்கொடுத்ததை நினைத்து அழுகிறார். அந்தக் கையில் இருந்தது பூவின் மணமா, புல்லின் மணமா, கஸ்தூரியா என்று உரைகள் வேறுபடுகின்றன. மூன்றுக்கும் அகராதியில் இடம் உண்டு.

ஆகவே நரந்தத்தை வைத்து ஐரோப்பியச் சொல்லுக்கு நேர்க்கோடு போட முடியாது. மணமுள்ள பலவற்றுக்கும் பொதுவாக இருந்த ஒரு பழஞ்சொல் என்றும், நாரத்தையின் பெயர் அதோடு உறவுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்றும் மட்டும் எழுதலாம். இதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டுமானால், பழத்தையே ஐயமில்லாமல் சுட்டும் பழைய வரி ஒன்றைக் காட்ட வேண்டும்.